ஏழு பேர் போதும், தோழர்களே!



பாலத்தின் மேல் பஸ் போய்க்கொண்டிருக்கிறது. பொழுது இன்னும் புலரவில்லை. சுங்கை பட்டாணியில் ஏறியவர் தூங்குகிறார். பட்டர்வொர்த்தில் ஏறியவரும் தூங்குகிறார். தீவுக்குள் ஆயர் ஈத்தாமிலிருந்து வேறொரு பஸ் கிளம்பிவிட்டது. அதிலும் தூக்கம்தான். எல்லாரும் போகிற இடம் ஒன்று. பாயான் லெப்பாஸ்.

எழுந்திருங்கள். பக்கத்தில் இருப்பவரையும் தட்டி எழுப்புங்கள். ஒரு தேதி சொல்ல வேண்டும்.

2024 செப்டம்பர் 15.

இந்தத் தேதியை யாராவது உங்களிடம் சொன்னார்களா? லைன் லீடர் சொன்னாரா? எச்.ஆர். சொன்னதா? நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்களா? கேன்டீன் விலை ஏறினால் ஒட்டுவார்கள். ஓவர்டைம் மாறினால் ஒட்டுவார்கள். இதை ஒட்டமாட்டார்கள்.

அன்றுதான் தொழிற்சங்கச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. ஒரே தொழில், ஒரே துறை, ஒரே கம்பெனி என்று நம்மைக் கூறுபோட்ட வேலி அன்று சரிந்தது. மின்சாரத் தொழிலாளியும் மின்னணுத் தொழிலாளியும் ஒரே சங்கத்தில் உட்காரத் தடையாக இருந்த சுவர் அன்று விழுந்தது.

ஐம்பது ஆண்டுகளாக நாம் என்ன சொன்னோம்? "சட்டம் விடமாட்டேன் என்கிறது" என்றோம். இப்போது சட்டம் விட்டுவிட்டது.

இனி யார் விடமாட்டேன் என்கிறார்? தோழர்களே, கண்ணாடியில் பாருங்கள்.

கோபிக்காதீர்கள். கேளுங்கள்.

1969-இல் பினாங்கின் தீர்வையில்லாத் துறைமுகத் தகுதி போனது. வேலை இல்லாமல் இளைஞர்கள் தெருவில் நின்றார்கள். 1972-இல் பாயான் லெப்பாஸ் நெல்வயலில் சுதந்திர வாணிப வலயம் வந்தது. நாட்டிலேயே முதல் வலயம் அது. அமெரிக்கக் கம்பெனி வந்தது. ஜெர்மன் கம்பெனி வந்தது. ஜப்பான் கம்பெனி வந்தது. நம் அம்மாக்களும் சித்திகளும் தோட்டத்தை விட்டு இறங்கி வந்து நுண்பெருக்கிக் கண்ணாடிக்குள் கண்ணை வைத்தார்கள். மயிரிழைத் தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்டினார்கள்.

அந்தக் கண்கள்தான் இந்த ஊருக்குக் "கிழக்கின் சிலிக்கன் பள்ளத்தாக்கு" என்று பெயர் வாங்கித் தந்தன. இன்று உலகச் சிப்புகளைப் பொருத்திச் சோதிக்கும் வேலையில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. நூற்றில் பதின்மூன்று! நம் கை படாத கைப்பேசியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அந்தக் கைக்கு என்ன கிடைத்தது? கை உயர்த்திப் பேச ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

1970-களில் மின்சாரத் தொழிலாளர் சங்கம் நம்மைச் சேர்க்க வந்தது. "மின்சாரம் வேறு, மின்னணு வேறு" என்று பதிவதிகாரி கதவை அடைத்தார். 1988-இல் "சங்கம் வைத்துக்கொள்ளலாம்" என்று அரசு அறிவித்தது. அமெரிக்கக் கம்பெனிகள் முகம் சுளித்தன. பேச்சு மாறியது. "கம்பெனிக்குள்ளேயே ஒரு சங்கம், அவ்வளவுதான்" என்றார்கள். 2009-இல்தான் வட்டாரத்துக்கு ஒன்று என்று அனுமதி வந்தது. வலயம் திறந்து 37 ஆண்டுகள் கழித்து!

37 ஆண்டில் ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்து, கண் மங்கி, ஓய்வும் பெற்றுவிடுவாள். பெற்றுவிட்டாள். ஒரு நாள்கூடச் சங்க உறுப்பினராக இல்லாமல் ஓய்வு பெற்றுவிட்டாள். அவள் உங்கள் அம்மாவாக இருக்கலாம். இன்று இரவு கேட்டுப் பாருங்கள்.

மௌனத்தின் விலை அது. ஒரு தலைமுறை.

அடுத்த தலைமுறையையும் கொடுக்கப்போகிறோமா?

தோழர்களே, நிர்வாகம் ஆண்டுதோறும் ஒரு புத்தகம் போடுகிறது. நிலைத்தன்மை அறிக்கை என்று அதற்குப் பெயர். பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிகள் அதை வெளியிட்டாக வேண்டும் என்று 2016 முதல் கட்டங்கட்டமாக விதி வந்தது. வாங்கிப் படியுங்கள். பளபளப்பான தாள். கூரையில் சூரியத் தகடு. சுத்திகரித்த நீர். கண்டல் கன்று நடும் மேலாளர்கள். பக்கம் பக்கமாகக் கரிமக் கணக்கு. நடுவே வெள்ளை உடுப்பில் சிரிக்கும் ஒரு பெண் தொழிலாளி. அவள் பெயர் இருக்காது. அவள் சொன்ன வார்த்தை ஒன்றுகூட இருக்காது.

மரத்தைக் காப்பது நல்லது. நீரைக் காப்பது நல்லது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நிற்கும் முழங்கால் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? மாதத்துக்கு 104 மணி நேரம்வரை ஓவர்டைம் பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில்தான் 1,700 வெள்ளி ஆனது. ஓவர்டைம் இல்லாமல் வீட்டு வாடகை, கார்த் தவணை, பிள்ளையின் பள்ளிச் செலவு எப்படி நிலைக்கும்? அந்த நிலைத்தன்மையை யார் கணக்கெடுப்பார்?

அறிக்கையில் நம்மையும் "பங்காளர்" என்று எழுதியிருக்கிறார்கள். பங்காளிக்குப் பங்கு எங்கே? பேச்சில் பங்கு எங்கே? முடிவில் பங்கு எங்கே?

இன்னொன்றும் படியுங்கள். மின்னணுக் கம்பெனிகள் உலக அளவில் ஒரு கூட்டணி வைத்திருக்கின்றன. 2004-இல் தொடங்கியது. 2017-இல் "பொறுப்பான வணிகக் கூட்டணி" என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதன் நடத்தை விதியில் சங்கம் சேரும் உரிமையும் இருக்கிறது. ஆமாம், இருக்கிறது! பக்கத்திலேயே "உள்ளூர்ச் சட்டத்துக்கு உட்பட்டு" என்ற கருத்தும் இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் அந்தச் சின்னச் சந்தில்தான் எல்லாரும் ஒளிந்துகொண்டார்கள். "எங்களுக்குச் சம்மதம்தான், உங்கள் நாட்டுச் சட்டம் விடவில்லையே" என்று கையை விரித்தார்கள்.

2024 செப்டம்பர் 15-இல் அந்தச் சந்து அடைபட்டது. அவர்களுக்கும் அடைபட்டது. நமக்கும் அடைபட்டது.

ஜெனீவாவைப் பாருங்கள். அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1919-இல் பிறந்தது. அங்கே அரசுக்கு இருக்கை உண்டு. முதலாளிக்கு இருக்கை உண்டு. தொழிலாளிக்கும் இருக்கை உண்டு. மூவரும் வாக்களிக்கிறார்கள். உலகத்தின் விதியை எழுதும் மேசையில் நம் வர்க்கத்துக்கு நூறு ஆண்டுகளுக்கு மேலாக நாற்காலி இருக்கிறது. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியின் முதல் மாடிக் கூட்ட அறையில் இல்லை.

சங்கம் அமைக்கும் சுதந்திரத்துக்கான 87ஆம் ஒப்பந்தம் 1948-இல் எழுதப்பட்டது. 150-க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றுவிட்டன. நம் நாடு ஏற்கவில்லை. கூட்டுப் பேரத்துக்கான 98ஆம் ஒப்பந்தத்தை 1961-இல் ஏற்றது. ஐக்கிய நாடுகள் 2015-இல் அறிவித்த 17 இலக்குகளில் எட்டாவது, கண்ணியமான வேலை. கம்பெனி அறிக்கைகளின் அட்டையில் அந்த வண்ணச் சதுரங்களைப் பார்த்திருப்பீர்கள். எட்டாவது சதுரத்துக்கு உள்ளே தொழிலாளர் உரிமையைக் காக்க வேண்டும் என்று ஓர் உட்பிரிவு உண்டு. புலம்பெயர் தொழிலாளரையும் சேர்த்தே சொல்கிறது. அட்டையில் சதுரத்தை அச்சிட்டவர்கள் உள்ளே இருப்பதை வாசித்தார்களா என்று நாம்தான் கேட்க வேண்டும்.

ஒப்பந்தம் ஜெனீவாவில் கிடக்கும். சட்டம் புத்ராஜெயாவில் கிடக்கும். இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு லைனுக்குள் நடந்து வருகிற கால் நம்முடையது. அந்தக் கால் அசையாவிட்டால் ஒப்பந்தமும் தாள்தான். சட்டமும் தாள்தான்.

உங்கள் உதட்டில் நிற்கும் வார்த்தை தெரியும். "கம்பெனி வேறு நாட்டுக்குப் போய்விடும்." 1972-இலிருந்து இதே பூச்சாண்டி. ஜெர்மனியைப் பாருங்கள். 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனியில் மேற்பார்வைக் குழுவின் பாதி இடங்கள் தொழிலாளர் தரப்புக்கு. 1976 முதல் அங்கே அதுதான் சட்டம். அந்த ஜெர்மன் முதலாளி ஜெர்மனியை விட்டு ஓடிப்போகவில்லை. தன் ஊரில் தொழிலாளியோடு ஒரே மேசையில் உட்கார்பவர் இங்கே வந்து ஏன் உட்காரக்கூடாது? அங்கே நல்ல நிர்வாகம் என்று பெயர் வாங்கியது இங்கே மட்டும் எப்படிக் கலகம் ஆகிறது?

"சங்கம் என்றால் வேலை போய்விடும்." தோழர்களே, தொழிலுறவுச் சட்டம் 1967. எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்காம் பிரிவு: சங்கம் சேரும் உரிமையில் யாரும் தலையிடக்கூடாது. ஐந்தாம் பிரிவு: சங்கத்தில் சேர்ந்ததற்காக யாரையும் நீக்கக்கூடாது. நியாயமில்லாமல் நீக்கினால் 60 நாளுக்குள் முறையிடலாம். 60 நாள். தாண்டவிடாதீர்கள்.

பழிவாங்கமாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. வாங்குவார்கள். ஷிப்டை மாற்றுவார்கள். ஓவர்டைமை வெட்டுவார்கள். எம்.சி. எடுத்தால் முறைப்பார்கள். தனியாக நின்ற ஒரு தோழிக்கு இதெல்லாம் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவள் கேட்டதெல்லாம் சம்பளச் சீட்டில் விடுபட்ட சில மணி நேரத்தை. அவள் பக்கத்தில் யாரும் போய் நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை. அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஒருத்தியை வளைப்பது சுலபம். ஒரு லைனையே வளைப்பது கடினம்.

உரிமை ஏட்டில் நிறைய இருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் வேலையிடத்தை விட்டு விலகலாம். 2024 ஜூன் 1 முதல் அது சட்டம். வாரத்துக்கு 45 மணி நேர வேலை. 2023 ஜனவரி முதல் அதுவும் சட்டம். தனியாளாக நின்று மெஷினை நிறுத்த உங்களுக்குத் தைரியம் வருமா? எனக்கு வராது. பின்னால் நாற்பது பேர் நின்றால் வரும். தைரியம் பிறவிக் குணம் என்று யாரோ நம்மை ஏமாற்றிவிட்டார்கள். ஆள் சேரச் சேர வருவதுதான் தைரியம்.

"நமக்கு எதற்கு வம்பு?" இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்ததால் என்ன ஆனது? மலேசியத் தொழிலாளர் நூறு பேரில் சங்கத்தில் இருப்பவர் ஏறக்குறைய ஆறு பேர். ஆறே பேர்! மீதி 94 பேரும் வம்பு வேண்டாம் என்று இருந்தவர்கள். அவர்களுக்கு வம்பு வராமல் இருந்ததா?

பக்கத்து லைனில் நிற்பவரைப் பாருங்கள். நேப்பாளத்திலிருந்து வந்திருக்கிறார். வங்காளதேசத்திலிருந்து வந்திருக்கிறார். மியன்மாரிலிருந்து வந்திருக்கிறார். 2014-இல் ஓர் ஆய்வுக் குழு மலேசிய மின்னணுத் தொழிற்சாலைகளில் 501 தொழிலாளரைச் சந்தித்துப் பேசியது. நூற்றில் 28 பேர் கட்டாய உழைப்பு நிலையில் இருந்ததாகக் கண்டது. ஏஜென்ட் கடன். பறித்துவைத்த பாஸ்போர்ட். போக வழியில்லாத வேலை. நம் பாட்டன் கப்பல் ஏறி வந்தபோது முதுகில் இருந்த அதே முன்பணக் கடன்! கங்காணி போனார், ஏஜென்ட் வந்தார். அந்தக் கதை நமக்குத் தெரியாதா? நமக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

"அவன் வந்து நம் சம்பளத்தைக் கெடுத்தான்" என்று சொல்லாதீர்கள். அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளி சங்கத்தில் சேரச் சட்டம் தடையில்லை. மலாய்க்காரத் தோழியைச் சேருங்கள். சீனத் தோழரைச் சேருங்கள். லைன் ஒன்று. சங்கமும் ஒன்றாக இருக்கட்டும்.

ஒன்று எச்சரிக்கிறேன். வேலி சரிந்ததால் ஒரே இடத்தில் பல சங்கங்கள் முளைக்கலாம். நிர்வாகமே ஒன்றைப் பெற்றெடுக்கும். கேக் வெட்டும் சங்கம். ஆண்டு விருந்துக்கு அதிர்ஷ்டக் குலுக்கு நடத்தும் சங்கம். சந்தா இல்லை, சண்டை இல்லை, இனிப்பு உண்டு என்பார்கள். சங்கம் பல இருந்தாலும் நமக்காகப் பேரம் பேசும் உரிமை ஒன்றுக்குத்தான் போகும். அந்த இடத்தில் பொம்மை உட்கார்ந்துவிட்டால் நம் வாய் மறுபடியும் கட்டப்படும். காலியான நாற்காலி காலியாகவே இருக்காது. நாம் உட்காராவிட்டால் அவர்கள் ஆள் உட்காருவார்.

அதனால்தான் அவசரம். அதனால்தான் இன்று. அதனால்தான் நீங்கள்.

பினாங்குக்காரருக்கு இது புதிதா? எஸ். எம். முகமது இத்ரிஸ் என்ற தமிழ்நாட்டு மண்ணில் பிறந்த மனிதர் இந்த ஊரில் பயனீட்டாளர் சங்கத்துக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு தலைமை தாங்கினார். 1984-இல் மூன்றாம் உலக வலையமைப்பு இங்கேதான் தொடங்கியது. பூச்சிமருந்துக்கு எதிரான உலக இயக்கம் 1982-இல் இங்கேதான் கூடிப் பிறந்தது. பன்னாட்டுக் கம்பெனிகளைக் கேள்வி கேட்கும் அமைப்புகள் இந்தச் சிறிய தீவின் சந்துகளிலிருந்து உலகம் முழுக்கப் போயின. உலகத்துக்கு விதி கேட்ட ஊர் இது. தன் ஃபேக்டரிக்குள் மட்டும் ஏன் வாய் மூடி நிற்கிறது?

ஒன்றுசேர்ந்தால் முடியும் என்பதைத் தோட்டத்திலும் பார்த்தோம். 1950-களின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் விற்ற தோட்டங்கள் துண்டுதுண்டாயின. நம் ஜனங்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். 1960-இல் துன் சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. பால்மரம் வெட்டிய கைகள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தன. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கின. பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்ற ஜனம் தோட்டத்துக்கே உரிமையாளர் ஆனது! பத்து வெள்ளிக்காரர்களால் அது முடிந்தது. அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நமக்கு டிப்ளோமா இருக்கிறது, ஸ்மார்ட்ஃபோன் இருக்கிறது, சாக்குப்போக்கும் இருக்கிறது.

அதற்கும் முன்னால் போங்கள். 1948 ஜூன். தொழில் தாண்டி, துறை தாண்டி ஒன்றுசேர்ந்த சங்கங்களின் கூட்டமைப்பை ஆங்கிலேயன் சட்டம் திருத்தி உடைத்தான். ஒரே தொழில், ஒரே துறை என்ற வேலியை அன்றுதான் போட்டான். கூட்டமைப்பின் தலைவர் எஸ். ஏ. கணபதியை 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிட்டான். அதே நாட்களில் சங்கத் தோழர் வீரசேனனைச் சுட்டுக் கொன்றான். அவர்கள் போனார்கள். வேலி நின்றது. விடுதலைக்குப் பிறகும் நின்றது. 76 ஆண்டுகள் நின்றது.

அந்த வேலிதான் இப்போது சரிந்து கிடக்கிறது. தாண்டுவதற்கு நாம் காலைத் தூக்கவில்லை.

கணபதியிடம் கழுத்தைக் கேட்டார்கள். கொடுத்தார். நம்மிடம் கேட்பது கையெழுத்து.

எத்தனை கையெழுத்து? ஏழு. ஒரு புதுச் சங்கத்தைப் பதிவு செய்ய மனுவில் ஏழு பேர் கையெழுத்து போதும். எழுநூறு வேண்டாம். எழுபதும் வேண்டாம். ஏழு. ஒரு வேன் ஆட்கள். கேன்டீனில் ஒரு மேசை. ஏற்கெனவே இருக்கும் நல்ல சங்கத்தில் சேர்வதானால் ஏழுகூட வேண்டாம்.

பிறகு கணக்கு இதுதான். ஆள் சேருங்கள். பாதிக்கு மேல் சேருங்கள். அங்கீகாரம் கேட்டுக் கம்பெனிக்குக் கடிதம் கொடுங்கள். 21 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் தொழிலுறவுத் துறைக்குப் போங்கள். ரகசிய வாக்கெடுப்பு வரும். திரைக்குப் பின்னால் சூப்பர்வைசர் இருக்கமாட்டார். வென்றால் பேச்சுவார்த்தை. பிறகு கூட்டு ஒப்பந்தம். சம்பளம், ஷிப்ட், விடுப்பு, பாதுகாப்பு எல்லாம் எழுத்தில். குறைந்தது மூன்று ஆண்டுக்கு. எச்.ஆரின் நல்ல மனசை நம்பி நிற்க வேண்டாம்.

இன்றே செய்யுங்கள். சம்பளச் சீட்டுகளை எடுத்து அடுக்குங்கள். ஓவர்டைம் மணியைச் சொந்த நோட்டில் எழுதுங்கள். வேலை ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். கம்பெனி கம்ப்யூட்டரில் பேசாதீர்கள். ஃபேக்டரிக்கு வெளியே பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுங்கள். பசியாறிக்கொண்டே பேசுங்கள். மிகத் தைரியமானவரைத் தேடி அலையாதீர்கள். எல்லாரும் யாரை நம்புகிறார்களோ அவரிடம் முதலில் போங்கள். லைனில் ஓர் அக்கா இருப்பார். எல்லார் வீட்டு நல்லது கெட்டதுக்கும் போவார். அவரிடம் போங்கள்.

அவர் தயங்குவார். மறுநாளும் போங்கள். மறுபடி தயங்குவார். மறுபடி போங்கள்.

தோழர்களே, இன்று பத்து காவானில் ஃபேக்டரிகள் எழும்புகின்றன. ஒரு காலத்தில் அது தோட்டம். அங்கே நம் முன்னோர் காலையில் பெரட்டுக்கு நின்றார்கள். பெயர் கூப்பிட்டதும் "வந்தேன்" என்றார்கள். இன்று அதே மண்ணில் அட்டையைத் தேய்த்துவிட்டு உள்ளே போகிறோம். பெயர்கூடக் கூப்பிடுவதில்லை. எண்தான். அன்றிலிருந்து இன்றுவரை அவர்கள் கூப்பிட்டால் நாம் வந்திருக்கிறோம். ஒரு தடவையாவது நாமே நம்மைக் கூப்பிட வேண்டாமா?

இதோ கூப்பிடுகிறேன். தோழரே, உங்களைத்தான்.

நாளைக் காலை பஸ் பாலத்தில் ஏறும்போது தூங்காதீர்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நீங்க வரீங்களா?" அவர் தலையசைத்தால் இரண்டு பேர் ஆகிவிட்டோம்.

இன்னும் ஐந்து பேர்தான்.